வெந்நீர்க் கலனைத் திருத்துவதா, மாற்றுவதா?

ஆலங்குடாவில் வெந்நீர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கற்பிட்டித் தீபகற்பத்தின் மணற்பரப்பிலே, இந்து சமுத்திரத்தின் அலைகள் வந்து மோதும் மேற்குக் கரையில் அமைந்த ஊர் இது. நண்பகலில் கிணற்றடிக்குச் சென்றால் வாளியிலுள்ள நீரைக் காட்டிலும் தலைக்கு மேலுள்ள வெயிலே அதிகமாக நம்மை நனைத்துவிடும். ஆயினும், வீட்டிலே 78 வயதுடைய தாயார் ஒருவர் இருந்து, அவருடைய முழங்காலிலும் விரல் மூட்டுகளிலும் வாதம் குடிகொண்டு, அவரும் விடியுமுன் நீராடிச் சுவாமி விளக்கை ஏற்றினாலன்றி ஒரு மிடறு தேநீரும் அருந்தாதவராக இருந்துவிட்டால், வெந்நீர் எதற்கு என்ற கேள்வி எழாது. மார்கழி மாதத்து வாடைக் காற்றில், ஐந்து மணிக்குக் குளிர்நீரை அள்ளி வார்த்துக்கொண்டு நடுங்கிய அவரைக் கண்டு பொறுக்காமல்தான், 2016ஆம் ஆண்டில் புத்தளம் நகரத்துக் கடையொன்றில் 50 லீற்றர் கொள்ளும் வெந்நீர்க் கலன் ஒன்றை வாங்கி வந்தோம். கடைக்காரர் அதனைக் ‘கீசர்’ என்றார். ஐஸ்லாந்துத் தீவில் நிலத்தைப் பிளந்துகொண்டு பீறிடும் வெந்நீர் ஊற்றின் பெயர் அது. லண்டன் நகரத்து மோகன் என்பவர் 1868ஆம் ஆண்டில் தாம் அமைத்த நீர் சூடாக்கும் கருவிக்கு அப்பெயரைச் சூட்ட, அது கடல் கடந்து புத்தளம் கடைத்தெரு வரையில் வந்து சேர்ந்துவிட்டது.

கடந்த சோளகக் காலத்தில் ஒரு காலைப் பொழுது, குளியலறைச் சுவரிலே தேயிலைச் சாயம் போன்ற ஒரு கோடு இறங்கியிருப்பதைக் கண்டோம். கலனின் அடிப்புறத்திலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் விழுந்துகொண்டிருந்தது. வெளித்தகட்டின் ஓரங்கள் துருவேறிப் பொருமியிருந்தன. விரலால் தொட்டால் செதிள் செதிளாக உதிர்ந்தது.

அன்று மாலையே குடும்பத்தில் ஒரு மாநாடு கூடியது. நமது மாமனார் கடற்றொழிலில் ஐம்பது ஆண்டு அனுபவம் உள்ளவர். “படகு எஞ்சினையே ஒட்டித் தருகிறார்கள். இந்தத் தகரத்தை ஒட்ட மாட்டார்களா? கழற்றிக் கொடுங்கள் மருமகன், நான் கொண்டுபோய் ஒட்டிக்கொண்டு வாறேன்” என்றார். மைத்துனர் கொழும்பில் தொழில் புரிபவர்; எதையும் புதிதாக வாங்குவதில் விருப்பமுள்ளவர். “இந்தக் காலத்தில் யார் மச்சான் தொட்டி வைத்துச் சூடாக்குகிறார்கள்? குழாயைத் திறந்தவுடன் சுடும் கருவி வந்திருக்கிறதே” என்றார். இல்லத்தரசியார் பேசாதிருந்து, முடிவில் மின்கட்டணச் சீட்டை எடுத்து நடுவில் வைத்தார். அதற்கு எவரிடமும் பதில் இல்லை. 2022ஆம் ஆண்டிலே நமது ரூபாய் வீழ்ந்தபோது ஒரு டொலருக்கு ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்தது 360ஐத் தாண்டியது. அவ்வாண்டு ஆகஸ்டில் ஒரு முறையும், 2023 பெப்ரவரியில் மறு முறையும் மின்கட்டணம் பெருமளவில் உயர்த்தப்பட்டது. கப்பலில் வரும் சாமான் எதனையும், மின்சாரம் உண்ணும் கருவி எதனையும் ஒரு தரத்துக்கு மூன்று தரம் யோசித்து வாங்கும் பழக்கம் அன்று நம் வீடுகளுக்குள் புகுந்தது; இன்னும் வெளியேறவில்லை.

இந்த யோசனைகள் நடந்துகொண்டிருக்கையில் மறுநாட் காலை வெந்நீருக்கு என்ன செய்வது? அதற்கு விடை வேலிக்கு அப்பாலிருந்து வந்தது. அயல்வீட்டு அம்மையார், 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது உடுத்த உடையுடன் புறப்பட்டு, இப்பகுதியில் ஓலைக் கொட்டிலில் வாழ்வைத் தொடங்கிய குடும்பத்தவர். அவருடைய அடுப்பு சுபஹு தொழுகைக்கு முன்னரே எரியத் தொடங்கிவிடும். தென்னமட்டையும் பொச்சும் எரித்துக் காய்ச்சிய நீரை ஒரு வாளியில் கொண்டுவந்து வேலியோரத்தில் வைத்து, “அக்காவுக்குக் கொடுங்கோ” என்று சொல்லிவிட்டுப் போனார். பதினொரு நாட்கள் அவ்வாறே நடந்தது. நமது தாயாரின் விளக்கு ஒரு நாளும் தவறாமல் எரிந்தது அவரால்தான்.

இனி, ஒழுக்கைப் பற்றிச் சொல்லவேண்டும். கலன் ஒழுகுகிறது என்றால் அது நிச்சயமாக உடைந்துவிட்டது என்று கொள்வது தவறு. நீர் எங்கிருந்து வருகிறது என்பதை அறியாமல் திருத்துவதா மாற்றுவதா என்று வாதிடுவது, நாடி பாராமல் மருந்து கொடுப்பதை ஒக்கும். நாமும் முதலில் அவ்வாறுதான் வாதிட்டோம். பின்னரே அறிவு வந்தது.

நீரைச் சூடாக்கினால் அது விரிவடையும். 50 லீற்றர் நீரை 28 பாகையிலிருந்து 60 பாகைக்குச் சூடாக்கினால், அரை லீற்றருக்கும் சற்று அதிகமான நீர் கூடுதலாக இடம் கேட்கும். உள்வரும் குழாயிலே நீர் திரும்பிப் போகாதபடி தடுக்கும் வால்வு இருந்தால், அந்த மேலதிக நீர் பாதுகாப்பு வால்வின் வழியாகவே சொட்டி வெளியேற வேண்டும். அது பழுதில்லை, அச்சொட்டு நின்றால்தான் அஞ்சவேண்டும். வால்வு சொட்டுவதைக் கண்டு அதன் வாயை அடைத்துவிட்டவர்களையும் நாம் அறிவோம். கலனை வெடிகுண்டாக மாற்றுவதற்கு அதைவிட எளிய வழி கிடையாது. சூடாகும் வேளையில் மட்டும் சொட்டி, மின்சாரத்தை நிறுத்திய பின்னர் நின்றுவிட்டால், அது விரிவடைந்த நீர் எனக் கொள்ளலாம். எந்நேரமும் அதே வால்விலிருந்து சொட்டினால் வால்வைத் திருத்தவோ மாற்றவோ வேண்டும். குழாய் பொருந்தும் இடத்தில் கசிந்தால் பொருத்தை இறுக்கலாம். சூடாக்கும் கம்பி பூட்டப்பட்ட அடித்தட்டின் ஓரத்தில் கசிந்தால் அங்குள்ள இறப்பர் வளையத்தை மாற்றலாம். இவை யாவும் சிறு செலவில் முடியும் காரியங்கள்.

நாம் மின்சாரத்தை நிறுத்தி, பொருத்துகளையெல்லாம் துணியால் துடைத்து உலர்த்தி, கலனுக்குக் கீழே பழைய பத்திரிகைத் தாள்களை விரித்து ஓர் இரவு விட்டுவைத்தோம். காலையில் பார்த்தால் வால்வு உலர்ந்திருந்தது, பொருத்துகளும் உலர்ந்திருந்தன. வெளித்தகட்டுக்கும் உட்தொட்டிக்கும் இடையிலே வெப்பம் போகாமல் நிரப்பப்பட்டுள்ள நுரைப்பஞ்சின் வழியாக நீர் ஊறி வந்து, தாளின் மேல் செம்மண் நிறத்தில் ஒரு வட்டம் இட்டிருந்தது. தொட்டியே துளைபட்டுவிட்டது என்பது தெளிவாயிற்று.

அதற்கு மறுநாள் நுரைச்சோலையிலிருந்து மின்வேலை தெரிந்த இளைஞர் ஒருவர் வந்தார். வந்தவர் ஒழுக்கைப் பார்ப்பார் என்று நாம் எண்ணியிருக்க, அவர் முதலில் கேட்டது வேறொன்று. “சேர், இந்தக் குழாயைத் தொடுகிறபோது யாருக்காவது கரண்ட் பிடித்ததா?”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தோம். கதவருகே நின்ற தாயார் முந்திக்கொண்டார். “நான்தானே தம்பி சொன்னேன், அந்தப் பைப்பிலே எறும்பு கடிக்குதென்று.”

ஆம், சொல்லியிருந்தார். இரண்டு வாரங்களுக்கு முன் ஒரு நாளும், அதற்குப் பின்னர் மற்றொரு நாளும் சொல்லியிருந்தார். ஈரக் கையால் குழாயைத் திருகும்போது எறும்பு கடிப்பது போல இருக்கிறது என்றார். நாம் குளியலறைக்குச் சென்று பார்த்து, எறும்பு ஒன்றையும் காணாது, வாதம் உள்ள விரல்களில் அப்படித்தான் குறுகுறுக்கும் என்று சொல்லி நகைத்துவிட்டு வந்தோம். கல்லூரியில் 20 ஆண்டுகளாக இரசாயனவியல் கற்பிக்கும் நாம் சொன்ன சமாதானம் அது.

இளைஞர் கலனுக்குரிய ஆளியை நிறுத்திவிட்டு, வீட்டின் பின்புறம் சென்று புவித்தொடுப்புக் கம்பியைத் தேடினார். மணலை ஒரு சாண் ஆழம் விலக்கியதும் அது தென்பட்டது. செப்புக் கம்பி பச்சைக் களிம்பேறி, தண்டுடன் சேரும் இடத்தில் அற்றுப் போயிருந்தது. அடுத்து, மின்பலகையிலுள்ள ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்தினார். அது விழவில்லை. மீண்டும் அழுத்தினார். அப்போதும் விழவில்லை. வீடு கட்டிய நாளிலிருந்து அந்தப் பொத்தானை எவரும் அழுத்தியதில்லை. உப்புக் காற்று அதனுள் புகுந்து அதன் வேலையை முடித்துவிட்டிருந்தது.

நடந்திருப்பது இதுதான். சூடாக்கும் கம்பி என்பது செப்பு உறைக்குள்ளே, மகனீசியம் ஒட்சைட்டு என்னும் வெண்பொடியின் நடுவே செல்லும் மின்கம்பி. உறை அரித்துத் துளைபட்டால் நீர் அப்பொடிக்குள் ஊறும். மின்சாரம் நீருக்குள்ளும் தொட்டிக்கும் கசியும். புவித்தொடுப்பு நல்ல நிலையில் இருந்தால் அக்கசிவு மண்ணுக்குப் போய்விடும். ட்ரிப் சுவிட்சும் விழுந்து மின்சாரத்தை வெட்டும். நமது வீட்டில் இரண்டும் செத்திருந்தன. ஆகவே, தொட்டியிலும் செப்புக் குழாயிலும் ஏறிநின்ற மின்சாரம் தரைக்குப் போவதற்கு, குழாயைத் தொட்ட மனிதரின் உடலையே வழியாகக் கொண்டது. வீடுகளில் உயிர்காக்கப் பூட்டப்படும் ட்ரிப் சுவிட்சு 30 மில்லி அம்பியர் கசிவில் விழும்படி செய்யப்படுகிறது. மனிதத் தோலோ ஒரு மில்லி அம்பியரளவிலேயே கடியை உணரத் தொடங்கும். தாயாருக்குக் கடித்த எறும்பு அந்த அளவில் நின்றிருந்தது. தொட்டியின் துளையும் கம்பியின் துளையும் இன்னும் கொஞ்சம் பெரிதாகும் வரையில், அல்லது குளியலறைத் தரை இன்னும் நன்றாக ஈரமாகும் ஒரு நாள் வரையில் நின்றிருந்தது.

அன்று இரவு நமக்கு உறக்கம் வரவில்லை என்பதை மட்டும் சொல்லிவிட்டு மேலே செல்கிறோம்.

கலனைக் கழற்றி முற்றத்தில் வைத்து அடித்தட்டைத் திறந்தபோது, உள்ளிருந்து இரண்டு கைப்பிடி வெண்சுண்ணாம்புச் செதிள்கள் கொட்டின. தட்டின் நடுவிலிருந்து மெல்லிய இரும்புக் கம்பியொன்று நீட்டிக்கொண்டிருந்தது. அது வெறும் கம்பியாக இருக்கவேண்டியதில்லை. பெருவிரல் பருமனான மகனீசியக் கோல் ஒன்று அதைச் சுற்றி இருந்திருக்கவேண்டும். கோல் முழுவதும் கரைந்து, அதைத் தாங்கிய கம்பி மாத்திரம் எஞ்சியிருந்தது.

இக்கோலின் வேலையை நாம் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதி வருகிறோம். தொட்டி உருக்குத் தகட்டால் ஆனது. அதன் உட்புறத்தில் 800 பாகைக்கும் மேற்பட்ட சூளை வெப்பத்தில் கண்ணாடிப் பூச்சு உருக்கி ஒட்டப்படுகிறது. எவ்வளவு கவனமாகப் பூசினாலும் எங்கேனும் ஊசித்துளைகள் இருந்தே தீரும். அங்கே உருக்கு நீரைத் தொடும். மகனீசியத்தின் நியம மின்வாய் அழுத்தம் மறை 2.37 வோல்ற்று; இரும்பினது மறை 0.44 வோல்ற்று. இரண்டும் ஒரே நீரில் இணைந்திருக்கையில் மகனீசியமே முந்திக்கொண்டு கரைந்து, இரும்பைக் காக்கும். கோல் உள்ளவரையில் தொட்டிக்கு ஆயுள். கோல் தீர்ந்த மறுநாளே துரு ஊசித்துளைகளைத் தேடிக்கொண்டு புறப்பட்டுவிடும். அளவாகக் கொடுக்கவேண்டிய புள்ளிகளைக் குறைக்காமல், இக்கணக்கில் தவறிழைத்த மாணவர்களை எத்தனையோ முறை கடிந்திருக்கிறோம். நம் வீட்டுக் கலனுக்குள் அதே கோல் இருக்கிறது என்பதும், அதை ஓரிரு ஆண்டுகளுக்கு ஒரு முறை பார்த்து மாற்றவேண்டும் என்பதும் எட்டு ஆண்டுகளில் ஒரு நாளும் நினைவுக்கு வந்ததில்லை.

இத்தந்திரத்தை முதலில் கையாண்டவர் சேர் ஹம்பிரி டேவி. 1820களில் பிரித்தானியக் கடற்படையினர் தம் மரக் கப்பல்களின் அடியில் பொருத்திய செப்புத் தகடுகள் கடல்நீரில் அரிபடுகின்றன என்று அவரிடம் முறையிட்டனர். அவர் செம்புடன் சிறு நாகத் துண்டுகளையும் இரும்புத் துண்டுகளையும் இணைத்தார். அரிப்பு நின்றது. ஆனால் செம்பு கரைந்து வந்தவரையில் அதன் நஞ்சுக்கு அஞ்சி அணுகாத சிப்பியும் பாசியும், அது கரையாது நின்றதும் கப்பலடியில் அப்பிக்கொண்டன. கப்பல்களின் வேகம் குறைந்தது. கடற்படையும் அம்முறையைக் கைவிட்டது. டேவியின் கொள்கை பிழைபட்டதில்லை. இன்று நிலத்தடிக் குழாய்களையும் உருக்குக் கப்பல்களையும் நம் குளியலறைத் தொட்டியையும் காப்பது அதே கொள்கைதான்.

எட்டு ஆண்டு என்பது குறைந்த ஆயுளா என்றால், ஆலங்குடாவின் நீரை அறிந்தவர்கள் இவ்வளவு காலம் தாங்கியதே பெரிது என்பார்கள். இங்கே ஆறு கிடையாது, குளமும் இல்லை. மழைநீர் மணலுக்குள் இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய நாற்பதடி நன்னீர் இருக்கும் என்பது, கைபன் என்ற ஒல்லாந்தரும் ஹெர்ஸ்பேர்க் என்ற ஜேர்மானியரும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தனித்தனியே கண்ட கணக்கு. அதை மறுபுறம் திருப்பிப் பார்த்தால், மிளகாய்த் தோட்டத்துக்கும் வெங்காயப் பாத்திக்கும் இறைத்து மேலே ஓரடியைக் குறைத்தால் கீழேயிருந்து உப்பு நாற்பதடி ஏறி வரும். வறட்சி மாதங்களில் நம் கிணற்றுநீர் நாவில் கரிப்பது அதனால்தான். உப்பு மிகுந்த நீர் மின்சாரத்தை நன்கு கடத்தும். மகனீசியக் கோலும் அதில் விரைந்து கரையும். நீரிலுள்ள கல்சியமோ சூடுபட்டதும் சுண்ணாம்பாகிச் சூடாக்கும் கம்பியில் படியும். படிவு தடிக்கத் தடிக்கக் கம்பி தன் வெப்பத்தை நீருக்குக் கொடுக்க இயலாமல் தானே வெந்து வெடிக்கும்.

நம் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தெரியும். 2011ஆம் ஆண்டில் முதற்பிரிவு இயங்கத் தொடங்கி, 2014இல் மூன்று பிரிவுகளும் நிறைவுற்று, 900 மெகாவாற்றுத் திறனுடன் நிற்கும் அந்நிலையமும் அடிப்படையில் நீரைச் சூடாக்கும் கலன்தான். மிகப் பெரிய கலன். அத்தகைய கொதிகலன்களுக்குள் உப்பும் கனிமங்களும் அறவே நீக்கப்பட்ட நீரையன்றி ஒரு துளி கிணற்றுநீரையும் விடமாட்டார்கள். விட்டால் என்ன ஆகும் என்பதை நம் முற்றத்தில் கிடந்த தொட்டி காட்டிக்கொண்டிருந்தது.

மாமனாரின் யோசனை இங்கேயே முடிந்தது. உருக்கை ஒட்டவைக்கும் நெருப்பு, சுற்றிலுமுள்ள கண்ணாடிப் பூச்சை வெடிக்கச் செய்துவிடும். ஒரு துளையை அடைத்து ஒன்பது துளைகளுக்கு வித்திட்டதாகும். தொட்டியைச் சுத்தியலால் மெல்லத் தட்டிக் காட்டியபோது அடிப்புறம் முழுவதும் மங்கிய ஒலி எழுப்பியது. “இது ஒட்டத் தாங்காது” என்று அவரே சொல்லிவிட்டார்.

மைத்துனரின் யோசனையில் கணக்கு இடித்தது. குழாயைத் திறந்தவுடன் சுடும் கருவிக்கு 5,000 வாற்றளவில் மின்சாரம் வேண்டும். 230 வோல்ற்றில் அது 22 அம்பியர். நமது குளியலறைக்குச் செல்லும் மின்கம்பி அதைத் தாங்காது. சுவரை உடைத்துப் புதுக் கம்பி இழுக்கவேண்டும். துருவேறா உருக்குத் தொட்டி வாங்கலாமே என்றும் அவர் சொன்னார். பெயர்தான் துருவேறா உருக்கு. சூடான உப்புநீரிலே அதிலும் சாதாரண வகைகள் ஊசிமுனை அளவிலான குழிகளாக அரிபடும். அரிசிக்கடையில் காணும் பளபளப்பை நம்பி நம் கிணற்றுநீரை அதனுள் விடுவதற்கு மனம் ஒப்பவில்லை. கூரைமேல் வைக்கும் சூரிய வெந்நீர்க் கலனையும் யோசித்தோம். இந்த ஊருக்கு அதுவே மிகப் பொருத்தம் என்றுதான் இன்றும் எண்ணுகிறோம். விலைதான் இவ்வாண்டு நம் கைக்கு எட்டவில்லை.

அப்போதுதான் இல்லத்தரசியார் எளிய கேள்வியொன்றைக் கேட்டார். அயல்வீட்டிலிருந்து வருவது ஒரு வாளி. அதைத் தண்ணீருடன் கலந்தால் மாமிக்குக் குளிக்கப் போதுமாக இருக்கிறது. அப்படியானால் இவ்வளவு காலமும் 50 லீற்றரை எதற்காகக் கொதிக்க வைத்தோம்?

காகிதத்தை எடுத்துக் கணக்கிட்டோம். தாயாருக்கு வேண்டியது இளஞ்சூட்டில், 40 பாகையில், இரண்டு வாளி, 30 லீற்றர். 28 பாகைக் கிணற்றுநீருடன் 60 பாகை வெந்நீரைக் கலந்தால், வெந்நீர் 11 லீற்றருக்குச் சற்று அதிகமாக இருந்தால் போதும். மற்றவர்கள் யாவரும் கிணற்றடியில் குளிப்பவர்கள். 50 லீற்றரை 60 பாகைக்கு ஏற்ற ஏறக்குறைய 1.9 அலகு மின்சாரம் செல்லும். 15 லீற்றருக்கு 0.6 அலகுக்கும் குறைவு. திருத்துவதா மாற்றுவதா என்று பதினொரு நாள் வாதிட்ட நாம், மாற்றுவதென்றால் எந்த அளவில் என்பதை ஒருவரும் கேட்கவில்லை. பழையது 50 என்றால் புதியதும் 50 என்றே மனம் எண்ணிக்கொண்டிருந்தது.

15 லீற்றர்க் கலன் ஒன்றை வாங்கினோம். கண்ணாடிப் பூச்சும் மகனீசியக் கோலும் உள்ளதாக, கோல் தனியே கடையில் கிடைக்கும் வகையாகப் பார்த்து வாங்கினோம். ஆயினும் அது மூன்று நாட்கள் பெட்டிக்குள்ளேயே இருந்தது. முதல் நாள் புதுப் புவித்தொடுப்புத் தண்டு, ஈரமணலை எட்டும் ஆழத்துக்கு அடிக்கப்பட்டது. இரண்டாம் நாள் ட்ரிப் சுவிட்சு மாற்றப்பட்டது. இளைஞர் பொத்தானை அழுத்த, வீடு முழுவதும் ‘டக்’ என்று இருண்டது. அந்த இருட்டைப் போல இனிமையான ஒன்றை நாம் அண்மையில் கண்டதில்லை. மூன்றாம் நாள்தான் கலன் சுவரேறியது. ஆகாதென்று தள்ளிய பழைய தொட்டியை இரும்பு வாங்குபவர் நிறுத்து எடுத்துச் சென்றார்.

வெப்பநிலையை 60 பாகையில் நிறுத்தியிருக்கிறோம். அதற்குக் குறைந்த சூட்டில் தேங்கும் நீரில் நோய்க்கிருமிகள் பெருகக்கூடும். ஆனால் 60 பாகை நீர் சில விநாடிகளில் முதிய தோலைப் பொசுக்கிவிடும் ஆதலால், வாளியில் முதலில் தண்ணீரும் பின்னர் வெந்நீரும் என்பது வீட்டில் சட்டமாகியிருக்கிறது. ஆளியை நிறுத்திய பின்னரே தாயார் உள்ளே செல்கிறார்.

எஞ்சிய அந்த இரும்புக் கம்பியைக் கல்லூரிக்குக் கொண்டுசென்றோம். அது இப்போது ஆய்வுகூட அலுமாரியில் இருக்கிறது. அதைக் கையில் வாங்கிப் பார்த்த மாணவனொருவன், “சேர், இதை ஏன் முன்னரே கழற்றிப் பார்க்கவில்லை?” என்று கேட்டான். புதுக்கலனின் பக்கத்தில் பூட்டிய திகதியைப் பென்சிலால் எழிதாமல், அழியாத மையால் எழுதி வைத்திருக்கிறோம். வரும் தை மாதம் அடித்தட்டை முதன்முறையாகத் திறப்பதாக இருக்கிறோம். அதற்குரிய இறப்பர் வளையமும் புதுக் கோலும் வாங்கி, சுவாமி அறை இறாக்கையிலே, தாயாரின் கண்ணில் படும்படி வைத்தாகிவிட்டது.